மின்சார வண்டியின் சூடு: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சார ஸ்கூட்டர், லோடு ஆட்டோ, கார் வைத்திருப்பவர்கள் பாளையங்கோட்டையில் எங்கள் பட்டறைக்கு வந்தால் சூட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். சித்திரை பிறந்ததும் கேள்விகள் கூடிவிடும். ஆடிக் காற்றில் அதே கேள்வி வேறு விதமாக வரும். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருக்கிற விஷயம் ஒன்றுதான். வண்டியின் சூட்டில் பெரும் பங்கு உள்ளே ஓடும் கரன்டால் பிறப்பது. வெயில், அந்தச் சூடு வெளியேறும் வழியை அடைக்கிறது. இது பிடிபட்டால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

பெட்ரோல் இன்ஜின் இதைவிட எவ்வளவோ சூடாகும். அது தாங்குகிறது, இது ஏன் தாங்காது?

பெட்ரோல் இன்ஜின் எரிபொருளில் பாதிக்கு மேல் சூடாகவே வீணாக்குகிறது. ஆனால் அது இரும்பும் அலுமினியமும். நூறு டிகிரி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மின்சார வண்டியில் வீணாவது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சமும் பிறக்கிற இடங்கள் சூடு தாங்காத இடங்கள். பேட்டரி என்பது பல லித்தியம் செல்களைக் கோத்தது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் தீப்பற்றக்கூடிய திரவமும் இருக்கின்றன. பெரும்பாலான செல்களுக்குத் தயாரிப்பாளர் தரும் எல்லை இதுதான்: சார்ஜ் ஏற்றும்போது 45 டிகிரி வரை, ஓடும்போது 60 டிகிரி வரை. மனிதனுக்கு இதமாக இருக்கும் சூடுதான் பேட்டரிக்கும் இதம். மோட்டாரும், அதற்குப் போகும் கரன்டை அளந்து விடும் கன்ட்ரோலரும் இதைவிட நன்றாகத் தாங்கும்.

சூடு உள்ளே பிறக்கிறது என்றால் எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரி 50 வோல்ட் என்று வையுங்கள். நல்ல வேகத்தில் போகும்போது 50 ஆம்பியர் இழுக்கிறது. செல், இணைப்புத் தகடு எல்லாம் சேர்ந்து உள் தடை 0.04 ஓம். கரன்டை அதே கரன்டால் பெருக்கி, தடையால் பெருக்கினால் 100 வாட் வரும். அவ்வளவும் பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே சூடாக மாறுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 360 கிலோஜூல். 25 கிலோ பேட்டரியை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 25 கிலோஜூல் போதும். ஆக, சூடு வெளியே போகவே இல்லை என்றால் 14 டிகிரி ஏறும்.

மார்கழிக் காலையில் 24 டிகிரியில் கிளம்பினால் 38ல் போய் நிற்கும். பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. கத்திரி வெயிலில் மதியம் 38 டிகிரியில் கிளம்பினால் 52. ஓடுவதற்கு இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் சார்ஜ் எல்லையைத் தாண்டியாயிற்று. வண்டி அதேதான், ஓட்டியதும் அதே மாதிரிதான். உள்ளே பிறந்த 14 டிகிரியும் அதேதான். வெயில் மாற்றியது தொடங்கும் இடத்தையும், வெளியேறும் வழியையும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. 100 ஆம்பியர் இழுத்தால் 400 வாட். பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கி ஓட்டுகிறவர் வண்டியும், சீராக ஓட்டுகிறவர் வண்டியும் ஒரே தெருவில் ஒரே வெயிலில் நின்றாலும் உள்ளே வேறு வேறு சூட்டில் இருப்பது இதனால்தான்.

வெயிலில் நிறுத்தினால் பேட்டரி தீப்பிடிக்குமா?

ஒழுங்காகச் செய்த, அடிபடாத பேட்டரி வெயிலில் நிற்பதால் மட்டும் தீப்பிடிக்காது. செல்லுக்குள் தானாகச் சூடு பெருகத் தொடங்கவே 80, 90 டிகிரிக்கு மேல் போக வேண்டும். உள்ளே இருக்கும் பாலித்தீன் தாள் உருகுவது 130 டிகிரி வாக்கில். வெயிலில் நிற்கிற வண்டி அந்தப் பக்கமே போகாது.

தீ வருவதற்கு வேறு காரணங்கள் உண்டு. செல்லைத் தயாரிக்கும்போதே உள்ளே விழுந்த குறை, தரமில்லாமல் செல்களைக் கோத்த பேக் (பேட்டரித் தொகுப்பு), கீழே விழுந்து நசுங்கிய செல், உள்ளே புகுந்த தண்ணீர், பொருந்தாத சார்ஜர், லூசான இணைப்பு. ஒரு செல் பற்றிக்கொண்டால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த பல தீ விபத்துகளுக்குப் பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதியை அரசு கடுமையாக்கியது. 2022 டிசம்பரில் ஒரு பகுதியும் 2023 மார்ச் இறுதியில் மறுபகுதியும் நடைமுறைக்கு வந்தன. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே போதிய இடைவெளி, வாயு வெளியேற வழி, சூடு மிஞ்சினால் எச்சரிக்கை, ஒரு செல் பற்றினால் மற்றவற்றுக்குப் பரவுகிறதா என்ற சோதனை எல்லாம் அதில் வருகின்றன. வண்டி வாங்கும்போது இந்த விதிக்கு உட்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத இடத்தில் கோத்த பேட்டரியை வாங்கிப் போடாதீர்கள். விலையில் மிச்சமாகும் பணம் செல் இடைவெளியிலும் சூடு பார்க்கும் சென்சாரிலும்தான் பிடிக்கப்பட்டிருக்கும்.

வெயில் செய்கிற கெடுதல் மெதுவானது. செல்லின் கிராஃபைட் பக்கத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அது வளர வளர லித்தியத்தைத் தன்னோடு கட்டிப்போட்டுக்கொள்ளும். சூடு அதை வேகமாக வளர்க்கிறது. தோராயமாகப் பத்து டிகிரி கூடினால் இந்த வேலை இரட்டிப்பு வேகத்தில் நடக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலால் போவது வண்டியின் ஆயுள்.

அப்படியானால் எங்கே நிறுத்துவது?

வேப்பமரமோ புங்கமரமோ இருந்தால் அதன் அடியில். தகரக் கொட்டகை நிழல்தானே என்று நினைப்பார்கள். மதியம் அந்தத் தகரத்தைத் தொட்டுப் பாருங்கள், கை சுட்டுவிடும். அந்தச் சூடு அப்படியே கீழே இறங்கும். வேறு இடம் இல்லை என்றால் நான்கு பக்கமும் காற்றுப் போகிற கொட்டகையாவது பாருங்கள். பல ஸ்கூட்டர்களில் பேட்டரி கால் வைக்கும் தட்டுக்கு அடியில் இருக்கிறது. மே மாதத் தார் ரோடு 60 டிகிரி வரை சூடாகும். அதனால் தார்த் தரையை விட மண் தரை நல்லது. ஓட்டி வந்த சூட்டோடு கவரைப் போட்டு மூடாதீர்கள். ஆறின பிறகு மூடலாம்.

வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் போட்டுவிடலாமா?

இந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே நம் ஊரில் பாதி பேட்டரிகள் பிழைத்துக்கொள்ளும். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். ஓட்டி வந்த பேட்டரி 52 டிகிரியில் இருக்கிறது, சார்ஜ் ஏற்றும் எல்லை 45. நல்ல வண்டி என்றால் பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணிக்கும் பலகை, சார்ஜை நிறுத்தி வைக்கும் அல்லது மெதுவாக ஏற்றும். "சார்ஜர் போச்சு அண்ணாச்சி" என்று மதியம் இரண்டு மணிக்கு வருகிறவர்களில் பலருக்கு சார்ஜர் ஒன்றும் ஆகியிருக்காது. சாயங்காலம் போட்டால் தானாக ஏறும்.

பெட்டியைத் தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். இறக்கி வைத்த கருப்பட்டிப் பாகு மேலே ஆடை கட்டி ஆறினது போல இருக்கும், உள்ளே விரல் வைக்க முடியாது. பேக்கின் நடுவில் இருக்கும் செல்கள் அப்படித்தான். வெயில் காலத்தில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். செயலியில் பேட்டரி சூடு காட்டும் வண்டியாக இருந்தால் 40க்குக் கீழே வந்ததும் போடுங்கள்.

இன்னும் நல்ல வழி விடியற்காலையில் சார்ஜ் போடுவது. இரவு முழுக்க ஆறிய பேட்டரி, நாளிலேயே குளிர்ந்த நேரம். வண்டியிலோ சார்ஜரிலோ டைமர் இருந்தால் நீங்கள் கிளம்பும் நேரத்தை ஒட்டி முடிகிற மாதிரி வையுங்கள். முழு சார்ஜில் சூட்டோடு சும்மா நிற்பதுதான் பேட்டரிக்கு ஆகவே ஆகாது. ஒன்று மட்டும்: தூங்கும் அறையிலோ வெளியேறும் வாசலை அடைத்தோ வைத்து சார்ஜ் போடக் கூடாது.

ஈரச்சாக்கு போட்டால் சீக்கிரம் ஆறுமே? ஐஸ் வைக்கலாமா?

வேண்டாம். ஐபி 67 என்ற நீர்புகாத் தரமுள்ள பேட்டரிப் பெட்டி தண்ணீரைத் தாங்கும், ஆனால் சார்ஜ் பின், வயர் இணைப்பு எல்லாம் அதே தரத்தில் இருக்காது. ஐஸ் வைத்தால் காற்றிலிருக்கும் ஈரம் வேர்த்து இடுக்குகளில் இறங்கும். கழற்றி எடுக்கிற பேட்டரி என்றால் நிழலில், தரையைத் தொடாமல் இரண்டு கட்டைகள் மேல் வைத்து ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுங்கள். அதுவே போதும்.

ஆனி ஆடியில் சாரல் காற்று வீசும்போது வண்டி ஏன் இன்னும் சூடாகிறது?

தென்காசிப் பாதையில் போய்வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து மேல்காற்று வந்து இறங்கும் மாதங்கள் அவை. திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசி போனால் வழி நெடுக எதிர்க்காற்று.

மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். எதிரே 25 கிலோமீட்டர் வேகக் காற்று. வண்டியைப் பொறுத்தவரை அது 70 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 70ஐ 45ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஏறக்குறைய 2.4. காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் இரண்டரை மடங்கு சக்தி கேட்கிறது. மீட்டரில் வேகம் 45தான், கரன்ட் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. வேகத்தை 35க்குக் குறைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும், பேட்டரி பாதிகூடச் செலவாகாது. போகும்போது காட்டிய மைலேஜை வைத்து வண்டி கெட்டுப்போச்சு என்று முடிவுகட்டாதீர்கள்.

ஹப் மோட்டார் நல்லதா, பெல்ட் வண்டி நல்லதா?

ஹப் மோட்டார் என்றால் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார். சூட்டை மட்டும் வைத்துச் சொன்னால் பெல்ட் வண்டிக்கு ஒரு படி கூட. ஹப் மோட்டாரில் செம்புச் சுற்று நடுவில் அச்சோடு நிலையாக நிற்கிறது, காந்தங்கள் ஒட்டிய வெளிக்கூடு சுற்றுகிறது. சூடு பிறப்பது நடுவில். அது நடுவிலிருக்கும் காற்று இடைவெளியைத் தாண்டி வெளிக்கூட்டுக்குப் போக வேண்டும், இல்லை அச்சு வழியாக வெளியேற வேண்டும். இரண்டும் குறுகலான வழி. ஏதர் 450 ஸ்கூட்டர் மாதிரி மோட்டாரை உள்ளே வைத்து பெல்ட்டால் சக்கரத்தைச் சுற்றும் வண்டியில் செம்புச் சுற்று வெளிக்கூட்டோடு ஒட்டி நிற்பதால் சூடு எளிதாக வெளியேறும்.

அதற்காக ஹப் மோட்டார் மோசம் என்று அர்த்தமில்லை. நம் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டிவிஎஸ்ஸின் ஐக்யூப் ஸ்கூட்டரும் ஹப் மோட்டார்தான். பெல்ட் இல்லை, அதைப் பற்றிய கவலையும் இல்லை. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அது தாராளமாகப் போதும். தினமும் இரண்டு பேர், சுமை, ஏற்றம் என்றால் யோசிக்கலாம்.

மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் என்ன கெடும்?

முதலில் போவது பெரும்பாலும் ஹால் சென்சார். காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் சின்னப் பொருள். அது தடுமாறினால் வண்டி கிளம்பும்போது உதறும், இழுத்து இழுத்து விடும். அடுத்தது செம்புக் கம்பியின் மேல் பூச்சு. மோட்டார் தகட்டில் எஃப் கிளாஸ் என்று இருந்தால் 155 டிகிரி, ஹெச் கிளாஸ் என்றால் 180 டிகிரி வரை தாங்கும். செம்பு சூடாக ஆக அதன் தடையும் கூடும். 100 டிகிரி ஏறினால் தடை ஏறக்குறைய 39 சதவீதம் கூடிவிடும். கூடிய தடை இன்னும் சூட்டைப் பிறப்பிக்கும்.

காந்தம் கெடுவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். அதனால்தான் வண்டி மோட்டார்களில் டிஸ்ப்ரோசியம் போன்ற அரிய மண் தனிமம் சேர்த்து, 150 டிகிரிக்கு மேலும் தாங்கும் காந்தங்களைப் போடுகிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா இதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் நாட்டு வண்டித் தொழிலே கலங்கியது இதனால்தான். காந்தம் ஒருமுறை வலுவிழந்தால் ஆறிய பிறகும் திரும்பாது. அடையாளம் கொஞ்சம் விசித்திரமானது. ஸ்டாண்டில் நிறுத்திச் சுற்றவிட்டால் சக்கரம் முன்பை விட வேகமாகச் சுற்றும். ரோட்டில் ஆளை ஏற்றினால் இழுக்காது. "வேகம் கூடியிருக்கு, பிக்கப் இல்லை" என்று ஒருவர் சொன்னால் காந்தத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

செங்கோட்டை தாண்டி மலையேற்றத்தில் ஸ்கூட்டரில் போகலாமா?

போகலாம், எப்படிப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஏற்றத்தில் மெதுவாகப் போனால் மோட்டாருக்கு நல்லது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பேட்டரிக்கு அது சரி. மோட்டாருக்கு அப்படி இல்லை.

வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 260 கிலோ, ஏற்றம் நூற்றுக்கு ஆறு என்று வையுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏறினால் ஏற்றத்துக்கு மட்டும் 1,270 வாட் வேண்டும். 10 கிலோமீட்டரில் ஏறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதனால் பேட்டரியின் கரன்ட் இறங்கிவிடும். ஆனால் மோட்டாருக்குள் ஓடும் கரன்ட் தனி. அது வேகத்தைப் பார்க்காது, முறுக்கு விசையை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலத்தைப் பார்க்கும். 30ல் போனாலும் 10ல் போனாலும் ஏற்றம் கேட்கும் முறுக்கு விசை ஒன்றே. ஆகவே செம்புச் சுற்று நிமிடத்துக்கு அதே அளவு சூடாகிறது, மேலே போய்ச் சேர மூன்று மடங்கு நேரமும் ஆகிறது. புளியரை எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போவதுதான் ஹப் மோட்டாருக்குப் பெரிய சோதனை. லாரி வரிசை கட்டி நின்றால் ஓரமாக நிறுத்திவிட்டு, வழி விட்டதும் 25, 30ல் சீராக ஏறுங்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மெல்லப் பிடித்துக்கொண்டே வண்டியை நிற்க வைக்காதீர்கள். சக்கரம் சுற்றாது, கரன்ட் முழுக்கச் சூடாகும். பிரேக் எதற்கு இருக்கிறது?

நடுவழியில் பவர் குறைந்தால் பதறாதீர்கள். கன்ட்ரோலரோ மோட்டாரோ சூடாகிவிட்டது என்று வண்டியே தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகிவிடும். சூடு பார்க்கும் சென்சாரைக் கழற்றிவிட்டு "இனிமே பவர் குறையாது" என்று சொல்லித் தருகிற ஆட்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஓட்டி வந்ததும் ஆற்றில் இறக்கிக் கழுவலாமா?

குறுக்குத்துறைப் பக்கமும் வாய்க்கால் கரைகளிலும் வண்டியைத் தண்ணீரில் இறக்கிக் கழுவுவது நம் ஊர்ப் பழக்கம். பெட்ரோல் வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஹப் மோட்டார் வண்டிக்கு ஆகும். ஓடி வந்த மோட்டாருக்குள் இருக்கும் காற்று 90 டிகிரியில் இருக்கலாம். தாமிரபரணித் தண்ணீர் 30 டிகிரி. சக்கரம் தண்ணீருக்குள் போனதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து, அதன் அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். அந்தக் குறையை நிரப்ப அச்சு ஓரத்து சீல் வழியாகவும் வயர் நுழையும் இடம் வழியாகவும் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். உள்ளே போனது வெளியே வர வழி கிடையாது. சில மாதம் கழித்து மோட்டாரைத் திறந்தால் காந்தங்கள் துருப்பிடித்துச் சிவப்பாக இருக்கும், பேரிங் கரகரவென்று சத்தம் போடும்.

ஒரு மணி நேரம் ஆறவிட்டு, வாளித் தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். மழை நாளில் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது நீண்ட ஓட்டத்திலிருந்து வந்து நேராக இறக்குவதும் இதே தப்புதான்.

கிராமத்தில் லோ வோல்டேஜ். சார்ஜ் போட்டால் பிளக் சுடுகிறது. ஏன்?

சார்ஜர் தனக்கு வேண்டிய வாட்டை எப்படியும் இழுத்துக்கொள்ளும். வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் கூடும். 3,300 வாட் கார் சார்ஜர் 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும், 180 வோல்ட்டில் 18 ஆம்பியரைத் தாண்டும். வயரில் பிறக்கும் சூடு ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடிவிடும். சாயங்காலம் ஊரே மோட்டார் போடும் நேரம் வோல்டேஜ் விழும். அந்த நேரத்தைத் தவிருங்கள்.

கார் என்றால் மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்சிபி (கரன்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), நல்ல எர்த். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. ஸ்கூட்டர் சார்ஜர் மூன்று நான்கு ஆம்பியர்தான், ஆனால் அதையும் மலிவு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். பிளக் சுட்டாலோ சாக்கெட் பழுப்பு நிறமாக மாறினாலோ சாக்கெட்டை மாற்றுங்கள். தகடு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

தூத்துக்குடிப் பக்கம் உப்புக் காற்று. அதற்கும் சூட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. உப்பளக் காற்று பட்ட பித்தளை, செம்புப் பின்களில் பச்சையாகப் பூத்துவிடும். அந்தப் பூப்பு தடை. ஒரு இணைப்பில் 0.01 ஓம் கூடினால் போதும், 50 ஆம்பியரில் அந்த ஒரே புள்ளியில் 25 வாட் சூடு பிறக்கும். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு அது. பேட்டரி நன்றாக இருந்தும் கனெக்டர் உருகிப்போன வண்டிகள் கடற்கரை ஊர்களிலிருந்துதான் அதிகம் வருகின்றன. திருச்செந்தூர், காயல்பட்டினம், தூத்துக்குடிக்காரர்கள் சர்வீஸ் விடும்போதெல்லாம் பேட்டரி கனெக்டரையும் சார்ஜ் பின்னையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

காரில் கூலன்ட் உண்டே, அப்படியானால் கவலை இல்லையா?

பெரும்பாலும் இல்லை. கார் பேட்டரிக்கு அடியில் தகடு வைத்து, அதற்குள் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தை ஓடவிட்டு, தேவைப்பட்டால் ஏசி வாயுவைக் கொண்டே அதைக் குளிர வைக்கிறார்கள். 2020ல் வந்த டாடா நெக்ஸான் ஈவியிலேயே லிக்விட் கூலிங் இருந்தது. இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பாடம் அமெரிக்காவில் இருக்கிறது. நிசான் லீஃப் 2010 கடைசியில் பேட்டரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு இல்லாமலே வந்தது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரம் நம் ஊரை விடக் கொடிய வெயில். இரண்டே கோடையில், 2012ல், பேட்டரியின் கொள்ளளவு குறைந்துவிட்டது என்று உரிமையாளர்கள் புகார் செய்தார்கள். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் திறந்த வின்ஃபாஸ்ட் ஆலையிலிருந்தும் இப்போது கார்கள் வருகின்றன. எந்தக் கம்பெனி கார் வாங்கினாலும் பேட்டரிக்குக் கூலிங் எப்படி என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

நான்குவழிச் சாலையில் ஃபாஸ்ட் சார்ஜ் போடும்போது நிற்கிற காரிலிருந்து ஃபேனும் கம்ப்ரசரும் சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம், பேட்டரியைக் குளிர வைக்கும் வேலைதான் அது. 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைவதும் இயல்பு. கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதிலிருக்கும் உப்பு தகட்டை அரித்து, நுண்குழாய்களில் படிந்து அடைத்துவிடும். கம்பெனி சொல்லும் கூலன்ட்தான்.

எல்எஃப்பி பேட்டரி சூட்டுக்கு நல்லது என்கிறார்களே?

உண்மைதான். எல்எஃப்பி என்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல், என்எம்சி என்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த லித்தியம் செல். என்எம்சி செல்லில் சூடு கட்டுமீறிப் போவது 200 டிகிரியை ஒட்டி, எல்எஃப்பி அதைவிடக் கணிசமாக மேலே. எல்எஃப்பி அப்போது விடும் ஆக்சிஜனும் குறைவு. ஆயுளும் அதிகம். எடை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நம் வெயிலுக்கு இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் நான் எல்எஃப்பியைத்தான் சொல்வேன்.

சார்ஜ் போடுவதில் ஒரு வித்தியாசம். என்எம்சி வண்டியை அன்றாடம் 80, 90 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளலாம். எல்எஃப்பியை வாரம் ஒருமுறையாவது 100 வரை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மீட்டர் காட்டும் சதவீதம் தப்பாகிவிடும். வெளியூர் போய் ஒரு மாதம் வண்டி சும்மா நிற்கும் என்றால் எதுவாக இருந்தாலும் பாதி சார்ஜில் நிழலில் விடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியைக் காய வைத்துப் பயன்படுத்தலாமா?

கூடாது. 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது எத்தனையோ வண்டிகள் நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்தன. ஐபி 67 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரத்துக்கான சோதனை, இரண்டு நாளுக்கானது இல்லை. உள்ளே போன தண்ணீர் வற்றினாலும் உப்பும் சேறும் பலகையில் தங்கிவிடும். அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட் கசிந்து, நாட்கள், சில சமயம் வாரங்கள் கழித்துத் தீப்பிடிக்கும். சார்ஜ் போட்டுப் பார்க்காமல், வண்டியை வீட்டுச் சுவரிலிருந்து 15 மீட்டராவது தள்ளி வெட்டவெளியில் விட்டு, கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

புகை வந்தால் என்ன செய்வது?

ஓடுங்கள். உஸ்ஸென்று சத்தம், வெள்ளைப் புகை, இனிப்பான ரசாயன வாடை இவைதான் முதல் அடையாளம். எட்டும் தூரத்தில் மெயின் சுவிட்ச் இருந்தால் அணையுங்கள், இல்லையென்றால் விடுங்கள். வீட்டிலிருக்கும் எல்லாரையும் வெளியே கூட்டி வந்து 101 அல்லது 112க்குப் போன் போடுங்கள். அந்தப் புகை விஷம். மணலோ தீயணைப்புப் பொடியோ மேல் தீயை அணைக்கும், உள்ளே பிறக்கும் சூட்டை நிறுத்தாது. நிறைய தண்ணீர்தான் செல்லைக் குளிர வைக்கும், அதையும் தீயணைப்புத் துறையினர் செய்யட்டும். அணைந்த பிறகும் மறுபடி பற்றும் என்பதால் அந்தப் பேட்டரியைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

பழைய வண்டி வாங்கப் போகிறேன். சூட்டில் அடிபட்ட பேட்டரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்பெனி சர்வீஸில் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கை கேளுங்கள். அதோடு நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். சார்ஜ் 50 சதவீதத்தில் இருக்கும்போது இரண்டு பேராக வண்ணார்பேட்டையிலிருந்து கிளம்பி ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்கி வாருங்கள். ஏற்றத்தில் சதவீதம் சட்டென்று விழுந்து, இறங்கியதும் மறுபடி ஏறினால் உள் தடை கூடிவிட்டது. வந்து நிறுத்தியதும் பேட்டரிப் பெட்டியின் எல்லாப் பக்கமும் கை வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் மற்ற இடங்களை விடச் சூடாக இருந்தால் அங்கே ஒரு செல் வரிசை பலவீனமாகிவிட்டது. பெட்டி எங்காவது உப்பியிருந்தால் விலை பேசவே வேண்டாம். சார்ஜ் பின் நிறம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். முந்தைய உரிமையாளரிடம் வண்டியை எங்கே நிறுத்துவார், எந்த நேரத்தில் சார்ஜ் போடுவார் என்று கேளுங்கள். மாடியில் தகரத்துக்கு அடியில், ஓட்டி வந்ததும் போட்டுவிடுவேன் என்று சொன்னால் பேட்டரிக்கான விலையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.